திண்டிவனத்தில் இந்தியா தோற்பதில்லை

அரசாங்கம் கொடுத்த சாமான் வேலை செய்யும் என்பது ஐதீகம். செய்யவில்லை என்றால் மனு எழுத வேண்டும். மனுவுக்குப் பதில் வரும்வரை அந்தச் சாமான் வேலை செய்துகொண்டிருப்பதாகவே பாவிக்க வேண்டும். இதை மனசில் பதித்துக்கொண்டால் மாசிலாமணியின் உத்தியோக வாழ்க்கை உங்களுக்கு விளங்கிவிடும். விளங்காவிட்டாலும் குற்றமில்லை. அவருக்கே கடைசிவரை விளங்கவில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம், பொதுமக்கள் காட்சி நலத் துறை என்று ஒரு துறையைப் புதிதாக ஆரம்பித்து, திண்டிவனத்தில் அதற்கு ஒரு கிளை வைத்து, கிளைக்கு ஒரு டிவி பெட்டி கொடுத்தார்கள். கதவு வைத்த மரப்பெட்டி, அதற்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி, சாவியை வைத்திருக்கப் பாண்டுரங்கன் என்றொரு காட்சி நல அலுவலர், எல்லாம் வந்து சேர்ந்தன. படம் மட்டும் வரவில்லை. மெட்ராஸில் கிளம்பிய படம் செங்கல்பட்டு, மதுராந்தகம் எல்லாம் தாண்டி வருவதற்குள் நாக்குத் தள்ளிப்போய், திண்டிவனத்துக்கு வெறும் புள்ளியாகத்தான் வந்து சேர்ந்தது. கேப்பை மாவைச் சலித்துக் கொட்டினமாதிரி இருக்கும். இரைச்சலுக்கு நடுவே இந்தியில் யாரோ பேசுவது கேட்கும். அதுவும் புள்ளியும் ஒன்றுதான் நம்ம ஜனங்களுக்கு.

ஏரியலை உயரத்தில் கட்டினால் படம் தெளியும் என்று ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒருவர் சொன்னார். உயரம் என்றால் ஊரில் தண்ணீர்த் தொட்டிதான். ஆனால் பெட்டி ஒரு துறையுடையது, தொட்டி இன்னொரு துறையுடையது. அனுமதி கேட்டு எழுதினார்கள். தொட்டிமேல் ஏரியல் வைத்தால் அது வழியாகப் படம் தண்ணீரில் இறங்கிக் குடிக்கிறவர்களுக்குத் தீங்கு நேருமா என்று தொட்டிக்காரர்கள் விளக்கம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதில் தெரிந்த அதிகாரி யாரும் இல்லாததால் பொருள் பரிசீலனையில் இருந்தது.

பாண்டுரங்கனுக்குக் கவலை படத்தைப் பற்றி அல்ல. 'பயனடைந்தோர்' என்று ஒரு பதிவேடு இருந்தது. வந்து பார்த்தவர்கள் கையெழுத்துப் போட வேண்டும், வாரா வாரம் கடலூர் தலைமை அலுவலகத்துக்குக் கணக்கு போக வேண்டும். வந்த ஜனமோ ரெண்டு நிமிஷம் புள்ளியைப் பார்த்துவிட்டு, 'பேஜாருப்பா' என்று எழுந்து போய்க்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து வேலை கேட்டு மனுவோடு வந்து நின்றவர்தான் மாசிலாமணி. மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், ஏலம் கூவிக்கொண்டிருந்தவர். அவர் ஒரு தரம் என்றால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். வியாபாரிகள் விலையைச் சீட்டில் எழுதிப் போடுகிற முறை வந்ததும் வாய்க்கு வேலை போய்விட்டது. வாய் மட்டும் அப்படியே இருந்தது. பாண்டுரங்கன் மனுவை வாங்கிப் படிக்காமல் கீழே வைத்தார்.

"உனக்கு இன்னாய்யா தெரியும்?"

"கூவத் தெரியும் சார்."

"இந்தப் பொட்டில இன்னா தெரியுது?"

மாசிலாமணி குனிந்து பார்த்தார். "புள்ளி சார்."

"நல்லா பாரு."

வேலை கேட்டு வந்தவன் ஒரு அதிகாரி நல்லா பாரு என்று சொன்னபிறகும் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தால் அவனுக்கு எப்படி வேலை கிடைக்கும்? மாசிலாமணி நல்லா பார்த்தார். "கிரிக்கெட் மேட்ச் சார். நம்ம ஆளுங்கதான் ஆடிக்கினு இருக்காங்க."

"ஜெயிப்பாங்களா?"

"ஜெயிச்சிக்கினே இருக்காங்க சார்."

நியமனம் அங்கேயே முடிந்தது. துறைக்கு அனுமதித்திருந்த பணியிடங்களில் ஒன்று காலியாக இருந்தது: சாலை உருளை உதவியாளர். ரோடு ரோலர்காரர்களின் உத்தரவைப் பார்த்துக் காப்பி அடித்தபோது தவறுதலாக ஒட்டிக்கொண்டு வந்த இடம் அது. காட்சி நலத் துறையில் ரோலர் கிடையாது. எனவே உதவியாளருக்கு வேலையும் கிடையாது, ஆனால் இடம் இருந்தது. மாசிலாமணி அந்த இடத்தில் தற்காலிகமாக உட்கார்ந்து, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, மைக்கில் விளக்கம் சொல்வது என்று ஏற்பாடு.

வீட்டில் அவர் பெண்டாட்டி அம்சா இதைக் கேட்டுவிட்டு ரேஷன் கார்டை எடுத்து வந்து முன்னால் வைத்தாள். குடும்பத் தலைவர் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று போட்டிருந்தது. அவளுடைய அக்கா வீட்டுக் கார்டில் 'அரசு ஊழியர்' என்று இருந்தது. அக்கா புருஷன் ஒரு ஆபீஸில் மணி அடிக்கிறவர், அவ்வளவுதான், ஆனாலும் அரசு ஊழியர். கடையில் வரிசையில் நிற்கும்போது ரெண்டு கார்டும் பக்கம் பக்கமாக இருந்தால் அம்சாவுக்கு வயிறு எரியும். "தற்காலிகம்னா இந்தக் கூலி போவுமா?" என்று கேட்டாள். போகாது. நிரந்தரம் ஆனால்தான் போகும். அதுவும் எண்பத்தைந்தாம் வருஷம் சித்திரைக்குள் ஆக வேண்டும். அந்தச் சித்திரையோடு மாசிலாமணிக்கு முப்பத்தைந்து முடிகிறது, பிறகு அரசாங்கக் கதவு சாத்திக்கொள்ளும். அம்சா காலண்டரில் ஒரு வட்டம் போட்டு வைத்தாள்.

இப்படியாக மாசிலாமணி வர்ணனையாளர் ஆனார். கிரிக்கெட் அவருக்குத் தெரியாது. ஆனால் ஏலம் தெரியும். பந்து போடுகிறவன் ஓடி வருகிறான் என்பதை இரைச்சல் ஏறுவதை வைத்துப் பிடித்துக்கொள்வார். அந்நிய ஆட்டக்காரன் என்றால், "அவுட் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று கூவி அனுப்பிவிடுவார். நம்ம ஆள் என்றால் ரெண்டு தரத்தோடு நிற்கும். "ரெண்டு தரம்... ரெண்டு தரம்... கேக்க ஆள் இல்லயா? தப்பிச்சாருய்யா!" என்பார். கூட்டம் மூச்சு விடும். ஜனங்களுக்கு இந்த ஆட்டம் சட்டென்று புரிந்துபோயிற்று. மல்லாட்டை விற்றவர்கள்தானே எல்லாரும். ரெண்டு தரத்துக்கும் மூணு தரத்துக்கும் நடுவில் நெஞ்சு அடித்துக்கொள்வது அவர்களுக்குப் புதிதல்ல.

உலகக் கோப்பை வாங்கிய வருஷம் வேறு. ஊரே தொப்பி போட்டுக்கொண்டு திரிந்தது. மேட்ச் நாளில் மல்லாட்டை பிடுங்க ஆள் கிடைக்காது. சுற்றுவட்டாரத்து வல்லத்திலிருந்தும் அனந்தபுரத்திலிருந்தும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்து புள்ளிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பயனடைந்தோர் பதிவேடு தீர்ந்து புதுப் பதிவேடு வந்தது. பாண்டுரங்கன் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார்.

அந்த வருஷக் கடைசியில் மேற்கிந்தியத் தீவுக்காரர்கள் வந்து நம் ஆட்களைத் துவைத்துக் காயப்போட்டார்கள். கல்கத்தாவில் தொண்ணூறு ரன்னுக்கே சுருண்டோம். திண்டிவனத்தில் மட்டும் இன்னிங்ஸ் வித்தியாசத்தில் ஜெயித்தோம். மறுநாள் பேப்பரில் வேறு மாதிரி போட்டிருந்தது. ஜனங்களுக்குக் கோபம் வந்தது, பேப்பர்மேல். கண்ணால் பார்த்ததைப் பேப்பர்காரன் எப்படி மாற்றிப் போடலாம்? நாற்பது வீட்டில் பேப்பரை நிறுத்தினார்கள். ட்ரான்ஸிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு வந்த ஒரு மனுஷனை, அபசகுனம் பிடித்தவன் என்று கூட்டத்திலிருந்து எழுப்பி அனுப்பினார்கள்.

மேட்ச் இல்லாத நாளில் என்ன செய்வது? செய்தி இருந்தது, டெல்லி இருந்தது, எண்பத்து நாலில் தேர்தலும் வந்தது. மாசிலாமணி அரசியலுக்கு வந்தார். பெட்டிக்கு முன்னால் இந்தக் கட்சிக்காரரும் அந்தக் கட்சிக்காரரும் துண்டைப் போட்டுக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ரெண்டு பேரும் கை ஓங்கத் தெரிந்தவர்கள். ஆகவே மாசிலாமணியின் வாக்கு எண்ணிக்கையில் எல்லா வேட்பாளரும் எல்லாச் சுற்றிலும் முன்னணியில் இருந்தார்கள். ரெண்டு கட்சியும் அவருக்கு மாலை போட்டது. நாடாளுமன்றம் என்றால் சுலபம். அங்கே தினமும் திண்டிவனம் ரயில்வே கேட்டைப் பற்றித்தான் விவாதம். கேட் மூடினால் அரை மணி பஸ் நிற்கிறதே என்று பிற மாநில உறுப்பினர்கள் கண்ணீர் விட்டார்கள். நம் ஊர் கேட்டுக்காக எங்கோ பஞ்சாபில் ஒருத்தர் அழுகிறார் என்றால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது? அதற்கப்புறம் கேட்டில் பஸ் நின்றால் யாரும் முனகுவதில்லை. பேசிக்கொண்டிருக்கிறார்கள், முடித்துவிடுவார்கள் என்று பீடி பற்றவைத்துக்கொண்டார்கள்.

வில்லங்கம் விழுப்புரத்திலிருந்து வந்தது. அங்கேயும் துறைக்கு ஒரு கிளை, ஒரு பெட்டி. அங்கே அலுவலராக இருந்த தேவநாதன் கொஞ்சம் அவசரக்காரர். யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஏரியலைத் தண்ணீர்த் தொட்டிமேல் கட்டிவிட்டார். படம் கண்ணாடி மாதிரி வந்தது. அதனால் விழுப்புரத்தில் இந்தியா தோற்றுக்கொண்டே இருந்தது. ஜனங்கள் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குப் போனார்கள். திண்டிவனத்தில் பெண் கொடுத்த விழுப்புரத்துக்காரர் ஒருவர் சம்பந்தி வீட்டுக்கு வந்த இடத்தில் இந்தியா ஜெயித்ததா தோற்றதா என்று தகராறு மூண்டு, ரெண்டு பக்கமும் மனு போய், கடலூரிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார்.

வீரசேனன் என்று பேர். செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். நேர்மையான மனிதர், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டியவர். காலையில் விழுப்புரம், மத்தியானம் திண்டிவனம். ரெண்டு பெட்டியையும் பார்த்தார், ரெண்டு பதிவேட்டையும் பார்த்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு இரு அலுவலர்களையும் எதிரில் உட்காரவைத்தார்.

"ரெண்டும் ஒரே கம்பெனிப் பொட்டி. ஒரே மேட்ச். ஒண்ணுல ஜெயிக்கிறோம், ஒண்ணுல தோக்குறோம். அப்ப ஏதோ ஒண்ணு கோளாறுதானே?"

கோளாறுதான் என்று ரெண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

"பொட்டி எதுக்குக் கொடுத்தது?"

"பொதுமக்கள் பயனடையறதுக்கு" என்றார் பாண்டுரங்கன்.

"எங்க பயனடைஞ்சாங்க?"

தேவநாதன் வாயைத் திறந்தார். படம் தெளிவாக வருகிறதே சார் என்றார். வீரசேனன் வெளியே வெயில் இறங்குவதைப் பார்த்தார். "தெளிவா வருதுன்றதுதாங்க உங்கமேல புகாரே" என்றார்.

ஐந்தரைக்கு அறிக்கை தயார். விழுப்புரம் பெட்டி பழுதடைந்துள்ளது. இந்தியாவைத் தோற்கடிப்பதோடு பயனாளிகளுக்கு மனவருத்தமும் உண்டாக்குகிறது. உடனே ரிப்பேருக்கு அனுப்பவும். ரிப்பேர்க்காரர் மூன்று மாதம் வைத்திருந்துவிட்டு, ஒன்றும் புரியாமல் ஏரியலைக் கழற்றித் தரையில் வைத்தார். படம் புள்ளியானது. பெட்டி சரியாகிவிட்டதாகச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் மாசிலாமணி பஸ் ஏறி விழுப்புரத்துக்குப் போய்க் கூவிவிட்டு வந்தார். அங்கேயும் ஜெயிக்க ஆரம்பித்தோம். வீரசேனன் தன் அறிக்கையின் கடைசியில், இவ்வூழியரைப் பற்றித் தனியே அரசுக்குப் பரிந்துரைக்கப்படும் என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த ஒரு வரிக்காக அம்சா மயிலம் முருகனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டாள். அவள் தலை அல்ல, மாசிலாமணியின் தலை.

சித்திரை முடிய ஒரு நாள் இருக்கும்போது கடலூரிலிருந்து உத்தரவு வந்தது.

வந்தது உத்தரவின் ஏழாவது கார்பன் பிரதி. மேலே வைத்த ஆறு காகிதமும் எழுத்தையெல்லாம் குடித்துவிட்டு, கடைசிக் காகிதத்துக்கு நீல நிறத்தில் கொஞ்சம் புள்ளியை விட்டுவைத்திருந்தன. பாண்டுரங்கன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். டைப்பிஸ்ட் லூர்துமேரி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அன்றைக்கு மேட்ச் எதுவும் இல்லை, ஆனாலும் விஷயம் கேள்விப்பட்டுக் கூட்டம் கூடிவிட்டது. அம்சாவும் வந்து ஓரமாக நின்றாள். பாண்டுரங்கன் காகிதத்தை மாசிலாமணியிடம் நீட்டினார்.

"நீதான்யா புள்ளில கை தேர்ந்தவன். படி."

ரெண்டு வருஷமாக எதைக் கொடுத்தாலும் சடசடவென்று கூவிய மனுஷனுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. மேற்கிந்தியத் தீவு ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன? இது அவருடைய சோறு. இதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. வேலை உண்டு என்றிருக்கலாம், வீட்டுக்குப் போ என்றும் இருக்கலாம். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். புள்ளி, புள்ளி, புள்ளி. நிமிர்ந்தபோது அம்சா தெரிந்தாள். இடுப்பில் ரேஷன் கார்டைச் செருகிக்கொண்டு வந்திருந்தாள்.

மாசிலாமணி தொண்டையைக் கனைத்தார். "மாசிலாமணி என்பவரைச் சாலை உருளை உதவியாளராக நிரந்தரம் செய்து உத்தரவு. ஒரு தரம்." கூட்டம் அசையவில்லை. "ரெண்டு தரம்." அவர் குரல் உடைந்தது. "மூணு தரம்."

கைதட்டல் ரயில்வே கேட் வரை கேட்டது. பாண்டுரங்கன் அப்போதே கையெழுத்துப் போட்டு, 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று எழுதிக் கோப்பை மூடினார். மொட்டை போட்டாயிற்று. கார்டில் கூலியை அடித்து அரசு ஊழியர் என்று எழுதியாயிற்று. அம்சா வரிசையில் வேண்டுமென்றே அக்காவுக்கு முன்னால் போய் நின்றாள்.

நாற்பது நாள் கழித்துக் கடலூரிலிருந்து ஒரு பதிவுத் தபால் வந்தது. அதே உத்தரவின் அசல். ஒவ்வொரு எழுத்தும் குத்துக்கல்லாட்டம் நின்றது. பாண்டுரங்கன் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, பாம்பைத் தொட்டவர்போல் கீழே போட்டார். நடவடிக்கை எடுத்து மூடிய கோப்புக்கு இன்னொரு உத்தரவு வந்தால் ஆபத்து. படித்தால் இன்னும் ஆபத்து, படித்தபடி நடக்க வேண்டும். மாசிலாமணியும் அதைத் தொடவில்லை. நான் ஜெயித்தாயிற்று, இப்போது போய் ஸ்கோர் பார்ப்பானேன் என்று அவருக்குப் பயம். தெளிவாக வருவது பழுதின் அடையாளம் என்று வீரசேனன் அறிக்கையே இருந்தது. 'இத்துடன் உள்ள உத்தரவு மிகத் தெளிவாக இருப்பதால் பழுதானது எனக் கருதி, திருப்பி அனுப்பப்படுகிறது' என்று கடிதம் எழுதி, லூர்துமேரியிடம் கொடுத்து ஒட்டச் சொன்னார்கள்.

லூர்துமேரி ஒட்டுமுன் படித்தாள். படிக்கத் தெரிந்தவர்களை வேலைக்கு வைத்தால் இதுதான் தொந்தரவு. ஆனால் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை, அதனால் அவளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காபி குடிக்கும்போது வாய்தவறிச் சொன்னாள்.

மூன்று பாரா இருந்ததாம். முதல் பாரா, மாசிலாமணியை மாவட்ட வர்ணனையாளராக நிரந்தரம் செய்து, கடலூரில் வீடும் ஜீப்பும் கொடுக்கிறது. ரெண்டாவது பாரா, திண்டிவனம் மக்களுக்குத் தெளிவான படம் வருவதற்குத் தனிக் கோபுரம். மூன்றாவது பாரா, பாண்டுரங்கனுக்குப் பதவி உயர்வு.

பாண்டுரங்கன் காபியைக் கீழே வைத்தார். தபால் இந்நேரம் கடலூர் போய், அங்கேயும் பழுது என்று தள்ளுபடி ஆகியிருக்கும். எழுந்து போய் மூடிய கோப்பைத் திறந்து ஏழாவது பிரதியை எடுத்து வந்தார். அதற்குள் விஷயம் வெளியே பரவி, எங்க கோபுரம் எங்கே என்று கூட்டம் உள்ளே வந்துவிட்டது.

"இதுல மூணாவது பாரா இருக்குதா பாரு" என்றார் பாண்டுரங்கன்.

"ரெண்டாவதும் பாருங்க" என்றது கூட்டம்.

மாசிலாமணி காகிதத்தை வாங்கினார். கடலூர் வீடும் ஜீப்பும் கண்முன் போய் வந்தன. அவற்றை அவரே கூவி, கேட்க ஆள் இல்லாமல், ரோடு ரோலர் உதவியாளர் வேலைக்கு ஏலம் விட்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, பார்த்ததை அப்படியே சொன்னார்.

"புள்ளிதான் சார் தெரியுது."

"நல்லா பாரு."

"நல்லா பாத்துட்டேன் சார். அன்னிக்கும் புள்ளிதான். பொட்டியிலயும் புள்ளிதான்."

எல்லாரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பாவம், கண் போய்விட்டது, ஓயாமல் பெட்டியையே பார்த்தால் போகாதா என்று அனந்தபுரத்துக்காரர் ஒருவர் உச்சுக்கொட்டினார். அன்று சாயங்காலமே பாண்டுரங்கனிடமிருந்து மெமோ வந்தது. பார்வைக் குறைபாடு காரணமாகப் பொதுமக்கள் பயன் பாதிக்கப்பட்டுள்ளது. மூன்று நாளில் குறையை நிவர்த்தி செய்து சான்றிதழ் தராவிட்டால் நிரந்தரம் ரத்து.

அம்சா மெமோவைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு ரேஷன் கார்டை எடுத்து, பானைக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "கண்ணாடி போட்டுக்கினாதான் இன்னா?" என்றாள்.

மூன்றாம் நாள் மாசிலாமணி கறுப்புப் பிரேம் போட்ட கண்ணாடியும் சான்றிதழுமாக வந்தார். காகிதத்தை வாங்கி, ரெண்டாவது பாரா மூணு தரம், மூன்றாவது பாரா மூணு தரம் என்று கூவினார். பாண்டுரங்கன் தன் நாற்காலியில் ஒரு மெத்தை போட்டு, பதவி உயர்வில் உட்கார்ந்தார். கோபுரம் வந்துவிட்டதற்கு ஜனங்கள் சரவெடி கொளுத்தினார்கள். பெட்டியைத் திறந்தார்கள்.

"அட, இன்னா தெளிவா வருதுய்யா!" என்றார் முன்வரிசையில் ஒருத்தர். ஆமாம் ஆமாம், பந்து போடுகிறவனின் மீசை தெரிகிறது என்றார் இன்னொருத்தர். பாண்டுரங்கன் எட்டிப் பார்த்துவிட்டு, புல்லுகூடப் பச்சையாகத் தெரிகிறது என்றார். அது கறுப்பு வெள்ளைப் பெட்டி.

மாசிலாமணி கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தார். புள்ளிதான். ஊரில் அவர் ஒருத்தருக்குத்தான் இன்னும் புள்ளியாகத் தெரிந்தது. பக்கத்தில் பார்த்தார். எல்லார் மூஞ்சியிலும் அப்படியொரு சந்தோஷம். டாக்டர் பவரைக் குறைத்துத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, மைக்கைக் கையில் எடுத்தார்.